நாக்பூர் இந்தியும் அனகாபுத்தூர் வெள்ளமும்

கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் நாக்பூரில் குடியிருந்தேன். காய்கறிக்காரரிடம் பேரம் பேசியதைத் தவிர அங்கே நான் இந்தி பேசியதில்லை. இருந்தாலும் அனகாபுத்தூரில் எங்கள் தெருவுக்கு நான் ‘இந்தி தெரிந்த மேடம்’. நானும் மறுத்ததில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் வார்டில் வெள்ளத் தடுப்பு பற்றிக் கூட்டம் வைத்தார்கள். ஆற்றோரத் தகரக் கொட்டகைகளில் ஒடிசாவிலிருந்து வந்த கட்டட வேலைக்காரக் குடும்பங்கள் இருக்கின்றன. தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அவர்கள்தான். ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

“இந்தத் தடவை அவங்களும் வரணும். நீங்க போய்ச் சொல்லிடுங்க மேடம்,” என்றார் கவுன்சிலர் அம்மா. ஐ.நா. சபைக்குக் கிளம்புகிற மாதிரி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

‘ஞாயிறு பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பற்றிக் கூட்டம். எல்லாரும் வாங்க, உங்க குறைகளையெல்லாம் கொண்டு வாங்க’ என்று சொல்ல நினைத்தேன். கூட்டத்துக்கும் குறைக்கும் இந்தி வார்த்தை வரவில்லை. அந்த இரண்டும் இல்லாமலே சொல்லி முடித்தேன். ‘பானி’ என்று கையை இடுப்பு வரை உயர்த்தித் தண்ணீரையும் காட்டினேன்.

முன்னால் நின்ற பெண், “சப் குச்?” என்று கேட்டாள். எல்லாவற்றையுமா என்கிறாள்.

“ஆமா, சப் குச்,” என்று அழுத்திச் சொன்னேன். எவ்வளவு அக்கறை என்று பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் நின்றார்கள். கேஸ் ஸ்டவ், டேபிள் ஃபேன், அரிசி மூட்டை, குழந்தைகள், சாக்கடைச் சேற்றோடு ஓர் ஆடு. வெள்ளம் வருகிறது, சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை.

“இன்னா மேடம், வூட்டையே காலி பண்ணி இட்டாந்துட்டீங்க,” என்றார் வாட்ச்மேன்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். “பானி எங்கக்கா? தமிழ்லயே சொல்லியிருக்கலாமே, எனக்கு நல்லா வரும்.”

“அன்னைக்கே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க அவ்ளோ ஆசையா பேசுனீங்க.”

கூட்டம் நடத்த வந்திருந்த மாநகராட்சி இன்ஜினியர் எல்லாரையும் வகுப்பறைகளில் உட்காரச் சொன்னார். வெள்ளத்துக்கென்று ஒதுக்கியிருந்த இரண்டு அறைகளும் நிறைந்து, பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள். அவர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். “இவங்களை நாங்க கணக்குல சேர்க்கவே இல்ல,” என்றார் மெதுவாக.

அந்தப் பெண் எழுந்தாள். “ஆத்தோரம் வர்ற வழியில சாக்கடைக்கு மூடி இல்ல, லைட்டும் இல்ல சார். பகல்லயே ஆடு விழுந்துடுச்சு. தண்ணி வந்தா பிள்ளைங்க விழும்.”

அதற்குப் பிறகு கூட்டம் அவளைச் சுற்றியே நடந்தது. நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழைக்கு முன் விளக்கு வந்தது. சாக்கடையில் முக்கால்வாசிக்கு மூடி போட்டார்கள். பள்ளியின் மாடி அறைகளையும் திறந்துவிட ஏற்பாடானது. கார்த்திகையில் ஆறு ஏறியபோது, கொட்டகைக்காரர்கள் எல்லாரும் பொழுதோடு மாடிக்கு வந்துவிட்டார்கள். தகவல் சொன்னது அவள்தான், ஒடியாவில்.

தண்ணீர் எங்கள் தெருவுக்கும் வந்தது. பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நானும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். பார்த்தால், கையில் டிவி ரிமோட். அவள் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டு, ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள்.