பல்லி சொன்னதும் பெட்டி சொன்னதும்

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அறிவுச்செல்விக்கு மூச்சு கொஞ்சம் ஜாஸ்தி. அவள் கிளாரினெட் ஊதினால் மூன்று தெரு தள்ளிக் காயும் நூல் ஆடும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் ஒன்றரைத் தெரு மிச்சமிருக்கும்.

அந்தக் குழலைச் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினாள். பிறகு காலால் மிதிக்கும் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், மைக்கில் விழுவதைப் பெட்டி பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும், அதன்மேல் அவள் வேறொன்றை ஊதுவாள், அதையும் பிடிக்கும். குழலின் விசைகளைத் தட்டுவதே தாளம். சேலைக் கரை நெடுக ஒரே பூ வருகிறதல்லவா, அப்படி. ஒற்றை ஆள், பத்துப் பேர் சத்தம். பெங்களூரில் ஒரு சின்ன அரங்கில் வாசித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டாள். சொந்த ஊர்தான் இன்னும் கேட்கவில்லை. ஆடிப் பண்டிகைக்கு மாரியம்மன் கோயில் மேடையில் ஒரு மணி நேரம் கேட்டுப் போய் நின்றாள்.

தர்மகர்த்தா சடையன் முடியாது என்றார். போன வருசம் வந்த பாட்டுக் கச்சேரிக்காரர்கள் பென்டிரைவைச் சொருகிவிட்டு வாயை மட்டும் அசைத்ததை அவர் மறக்கவில்லை.

“பெட்டி பாடறதுக்கு நீ எதுக்கு சாமி? ஆத்தாளை ஒருக்கா ஏமாத்துனது போதும்.”

“பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க பெரீப்பா. நான் ஊதுனாத்தான் அது பேசும்.”

பேச்சு வளர்ந்தது. கடைசியில் பூசாரி பொன்னன், ஆத்தாளிடமே பல்லி வாக்குக் கேட்கலாம் என்றார். சன்னதியில் கற்பூரம் ஏற்றுவார்கள். அணைவதற்குள் பல்லி சொன்னால் உத்தரவு, சொல்லாவிட்டால் இல்லை. அந்த ஊரில் பெண் கொடுப்பதும் கிணறு வெட்டுவதும்கூட அப்படித்தான் முடிவாகும்.

வாசித்துக் காட்டலாம் என்று அவள் முன்மண்டபத்தில் மைக்கையும் ஸ்பீக்கரையும் பெட்டியையும் மாட்டி வைத்திருந்தாள். எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். கற்பூரம் பாதி கரைந்தது. அவள் அம்மா மாரியாயி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மைக்குக்கு நேர் மேலே, விட்டத்தில், பல்லி சொன்னது.

யாரும் வாய் திறக்குமுன் மறுபடி சொன்னது. மறுபடியும். மறுபடியும். மாரியம்மன் இத்தனை தாராளமாகப் பேசி அந்த ஊர் கேட்டதே இல்லை.

“ஏனுங்க, ஆத்தாளுக்கு இம்புட்டு ஆசைங்களா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பக்கத்து வீட்டுப் பழனியம்மாள்.

அறிவுச்செல்வி குனிந்து பார்த்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு. பதற்றத்தில் ஆடிக்கொண்டிருந்த அவள் கால் அதை மிதித்திருக்கிறது. சும்மா இருந்தால் மேடை அவளுடையது. அவள் மிதித்து நிறுத்தினாள். பல்லி வாயடைத்துப் போயிற்று.

“மொதச் சத்தம் மட்டுந்தான் பல்லிதுங்க. மிச்சமெல்லாம் பெட்டி. என்ற கால் பட்டுருச்சுங்க.”

“கெடுத்தியே புள்ள!” என்றாள் மாரியாயி.

சடையன் எழுந்து வந்தார். “மொதச் சத்தமும் பெட்டிதில்லேன்னு எப்படி நம்பறது?”

அவள் பல்லிச் சத்தத்தை அழித்துவிட்டுப் பெட்டியை மறுபடி மிதித்தாள். மைக்கைப் பிடுங்கி அவரிடமே நீட்டினாள். “நீங்களே எதாச்சும் சொல்லிப் பாருங்க.”

ஊர் முன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் இருமினார். பெட்டியும் இருமியது, அவருடைய கட்டைத் தொண்டையிலேயே. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

“அட, என்ற இருமலேதான்!” என்றார் சடையன்.

அவள் அந்த இருமலுக்கடியில் கிளாரினெட்டைத் தாழ்வாக இழைய விட்டாள். பிறகு மேலே ஒரு சின்னச் சிணுங்கல். மண்டபத்தில் சிரிப்பு அடங்கியது. தன் இருமல் உடுக்கை மாதிரி நடை போடுவதைச் சடையன் வாயைப் பிளந்து கேட்டார்.

“பெட்டிக்குத் தானா இருமத் தெரியலீங்க,” என்றார் பொன்னன். “அப்பப் பல்லியும் மொதல்ல சொல்லித்தானே இருக்கோணும்?”

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டார். “தன்னையே காட்டிக் குடுத்த புள்ள எதுக்கு ஏமாத்தப் போறா? வாசிக்கட்டும்.”

மாரியாயி விட்ட பெருமூச்சில் தட்டிலிருந்த திருநீறு முழுக்கப் பொன்னன் முகத்துக்குப் போய்விட்டது.

பண்டிகையன்று பாதிப் பேர் ராட்டினத்துக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். சிலருக்குப் பிடித்தது, சிலர் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கத்தினார்கள். அவள் ஒரு மணி நேரமும் ஊதி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே சடையன்.

“அடுத்த வருசம் அரை மணியில முடிச்சுக்க சாமி. கால் மரத்துப் போச்சு.”

“சரிங்க பெரீப்பா,” என்றவள், திரும்பி அம்மாவைத் தேடி ஓடினாள். “அம்மா, அடுத்த வருசமும் உண்டாம்!”