மூன்று ஹெட்போன், ஒரே இடது பக்கம்

“சார், இடது பக்கம் ரொம்பக் கத்துது” என்று கலா சொன்னபோது நான் முதலில் பார்த்தது அவள் கையிலிருந்த செல்போனை. அதில் ஒரு சின்ன இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இதுலயா கேட்ட? இதுல கேட்டா கத்தத்தான் செய்யும். இருபத்தாறு வருஷமா நான் இந்த வேலை பாக்கறேன்மா.”

“இல்ல சார், சித்தப்பா கார்லயும் போட்டுப் பாத்தேன். அங்கயும் இடது பக்கம்தான்...”

“கார் ஸ்பீக்கர வெச்சு என் மிக்ஸ் சரியில்லன்னு சொல்ல வர்றியா?”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, பென் டிரைவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலையே அந்தப் பதிவை அனுப்பியும் விட்டாள். நான் அதட்டியதால்தான் அனுப்பினாள். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள், எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கலா நாதஸ்வரம் வாசிப்பவள். பாபநாசம் பக்கத்துக் கிராமம். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் வேலை செய்த குடும்பம்; அப்பா இப்போது சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பயிர் செய்கிறார். அந்த வீட்டில் நாயனத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் இவள்தான். கல்யாண செட்டுகளில் பெண்ணைக் கூப்பிடுவது குறைவு. ஓர் இசைப் பள்ளியில் நாதஸ்வர ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பத்து நிமிடப் பதிவு அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுப் பிடித்தால் நேரில் வாசிக்கக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் வேலை அமையாவிட்டால் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அங்கே போனால் நாயனம் உறைக்குள் போய்விடும். இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்தப் பதிவைச் செய்தேன்.

1. சாம்பல்

என் ஸ்டூடியோ தஞ்சாவூருக்கு வெளியே, பாபநாசம் போகிற சாலையில் இருக்கிறது. பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையம். அறுவடை சமயத்தில் டிராக்டரும் லாரியும் சாலை ஓரம் வரிசை கட்டி நிற்கும். ஒருவன் ஹாரன் அடித்தால் எல்லாரும் அடிப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஓபன் பேக் ஹெட்போனில் மிக்ஸ் செய்கிறேன் என்றால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண ஸ்டூடியோ ஹெட்போனில் காதை மூடும் கிண்ணத்தின் முதுகு அடைத்திருக்கும். ஓபன் பேக்கில் அங்கே வலைதான். உள்ளே ஓடுகிற சத்தம் வெளியே போகும். வெளிச் சத்தம் உள்ளே வரும். மைக் முன்னால் பாடுகிறவருக்கு இதை மாட்டிவிட்டால், ஹெட்போனில் ஓடுகிற தாளம் மைக்கில் ஏறிப் பதிவு வீணாகிவிடும். ஆனால் பதிவான டிராக்குகளைச் சேர்த்துச் சமன் செய்கிற மிக்ஸ் வேலைக்கு இதை விட்டால் ஆகாது. சத்தம் தலைக்குள் முட்டிக்கொண்டு நிற்காமல் எதிரே ஒரு கூடத்தில் பரவி நிற்கும். காதும் வேகாது. லாரி ஓய்ந்த நேரமாகப் பார்த்து, ஏசியை நிறுத்திவிட்டு வேலை செய்வேன்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு சாம்பல் நிற ஓபன் பேக். பன்னிரண்டு வருஷத்துப் பழசு. கலாவின் நாயனத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தேன், இடது ஒன்று, வலது ஒன்று. மிக்ஸில் உட்கார்ந்தபோது இடது பக்கம் மந்தமாகக் கேட்டது. மைக் கொஞ்சம் விலகிவிட்டது போல என்று நினைத்து, இடது டிராக்கில் மேல் அதிர்வெண்களை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். பிறகு சரியாகக் கேட்டது.

மூன்று வாரம் கழித்துக் கலாவின் அப்பா கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு வந்தார். அவர் டிராக்டர் சரியாக என் வாசலில் நின்றது. தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார்.

“பாப்பாவ கூப்பிடலீங்க” என்றார்.

தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன்.

“நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. அதுக்கு யோகம் இல்ல, அவ்வளவுதான். மூட்ட நனையாம எடை போட்டாங்கன்னா போதும் இன்னைக்கு” என்று சொல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் அந்த மிக்ஸைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அந்தப் பெண் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: சாம்பலுக்கு வயதாகிவிட்டது, இடது டிரைவர், அதாவது உள்ளே சத்தம் எழுப்புகிற சின்ன ஸ்பீக்கர், செத்துக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் மந்தமாகக் கேட்டதால் தேவைக்கு மேல் ஏற்றிவிட்டேன். குற்றம் ஹெட்போனுடையது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. கறுப்பு

நாகப்பட்டினத்தில் தமீம் பாய் என்று ஒருவர் ஒலிக் கருவிகள் விற்கிறார். தம்பி துபாயில் இருப்பதால் இங்கே கிடைக்காத சாமானும் அவரிடம் கிடைக்கும். பஸ் ஏறிப் போனேன்.

“எண்பது ஓம்ல ஒண்ணு இருக்கு, முந்நூறு ஓம்ல ஒண்ணு இருக்கு. எது வேணும்?” என்றார்.

“ரெண்டையும் குடுங்க பாய், வெச்சுப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பித் தரேன்.”

“நீங்க திருப்பித் தர மாட்டீங்க சார், எனக்குத் தெரியும். எடுத்துட்டுப் போங்க.”

ஓம் என்பது மின்தடையின் அளவு. எண்பது ஓம் கறுப்பு நிறம். கம்ப்யூட்டரில் நேராகச் செருகினாலே முழுச் சத்தம் தரும். இறுக்கம் அதிகம். அரை மணி நேரத்தில் என் மூக்குக்கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுத்தி வலி எடுத்தது. முந்நூறு ஓம் பெரியது. அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சுவரைத் தாண்டி வருவது போல வரும். ஆம்ப் போட்டுக் கேட்டால் தம்பூராவின் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகத் தெரியும்.

முதலில் கறுப்பில் கலாவின் மூல டிராக்கைப் போட்டேன். இடது பக்கம் மந்தம்.

தமீம் பாய்க்குப் போன் போட்டேன். “பாய், இதுலயும் லெஃப்ட் டல்லா இருக்கு.”

“புதுப் பீஸ் சார் அது. நான்தான் சீல் பிரிச்சேன்.”

“பேட் சரியில்ல போல.”

“மாத்திப் பாருங்க. உங்களுக்கா சொல்லித் தரணும்?”

மாற்றினேன். கூட வந்தது வெல்வெட் துணி வைத்த காது மெத்தை, அதாவது பேட். தோல் பேட் போட்டேன். அடிநாதம் ஊதிக்கொண்டது, காது வியர்த்தது, இடது பக்கம் அப்படியே இருந்தது. பேட் கொஞ்சம் தடித்தால் டிரைவர் காதை விட்டுத் தள்ளிப் போகும், சத்தமே வேறாகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தையே ஒரு வாரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக் காம்பால் இடைவெளி விழுகிறதோ என்று சந்தேகம் வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குருடன் மாதிரி மிக்ஸ் செய்தேன். மந்தம் போகவில்லை.

3. பெரியது

பெரியதிலும் இடது பக்கம் மந்தம்தான். அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹெட்போனை என் தலைக்குப் பொருத்தினால் எல்லாம் சரியாகும் என்று இறங்கினேன்.

இறுக்கம் குறைய அதை நெல் அளக்கிற ஒரு பழைய மரக்கால் மேல் விரித்து மாட்டி நாலு நாள் வைத்தேன். பஞ்சு மெத்தை தைக்கிறவரிடம் ஃபோம் வாங்கி, பழைய வேட்டித் துணியில் உறை தைத்து, உச்சந்தலையில் படுகிற பட்டைக்குக் கட்டினேன். இடது பேடில் காம்பு படும் இடத்தில் மட்டும் சின்னதாக வெட்டிவிட்டேன். தலையில் இருப்பதே தெரியவில்லை. இவ்வளவு சுகமான ஹெட்போனை என் வாழ்நாளில் போட்டதில்லை.

கடைசியாக இடது கிண்ணத்தைத் திறந்தேன். டிரைவருக்கு முன்னால் வட்டமாக ஒரு மெல்லிய ஃபோம் இருக்கும். அதை எடுத்தால் மேல் சத்தம் கூடும். இடது பக்கத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, திருகை முடுக்கி, மாட்டிக்கொண்டு கேட்டேன்.

வலது காதைக் குத்தியது. இடது பக்கம் முன்னைவிட மோசம்.

கேபிளைப் பார்த்தேன். இடது கிண்ணத்திலிருந்து இறங்குகிற அது வலது தோள் மேல் கிடந்தது. அவசரத்தில் திருப்பி மாட்டியிருக்கிறேன். இடது கிண்ணம் என் வலது காதில் இருந்தது.

வலது கிண்ணம் என் இடது காதில். அதை நான் தொடவே இல்லை. அதில் எந்தக் குறையும் இல்லை. அதுவும் மந்தமாகக் கேட்டது.

கறுப்பை எடுத்து நேராக மாட்டினேன், திருப்பி மாட்டினேன். சாம்பலையும் அப்படியே. மூன்றிலும், எப்படி மாட்டினாலும், மந்தம் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டு என் இடது காதைத் தொட்டுப் பார்த்தேன்.

4. கோடு

காது டாக்டர் பரிசோதனை செய்து ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார். அவர் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் திரையில் நான் இழுத்து வளைக்கிற அதே மாதிரிக் கோடுதான். வலது காதுக் கோடு வயதுக்கேற்றபடி லேசாக இறங்கியது. இடது, மூவாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும் பள்ளத்தில் விழுந்தது.

“லெஃப்ட் சைடுல ஏதாவது பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல இருந்தீங்களா?” என்றார்.

இருந்தேன். இருபது வருஷம். ஸ்டூடியோ போடுவதற்கு முன்பும் பின்பும் கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் பதிவு செய்யப் போவேன். வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு, இடது காதை விட்டுவிடுவேன்; யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும். நாயனக்காரர் பக்கம் மைக் ஸ்டாண்டு இடிக்கும். நிற்க இடம் கிடைப்பது தவில்காரர் பக்கம்தான். தவில் எப்போதும் எனக்கு இடது கை ஓரம். எத்தனை முகூர்த்தம், எத்தனை கெட்டிமேளம் என்று கணக்கில்லை. எல்லாம் அந்தத் திறந்த காதில் இறங்கியிருக்கிறது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் நின்றோம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது அது.

“திரும்ப வராதா டாக்டர்?”

“போனது வராது. இருக்கறதக் காப்பாத்திக்குங்க.”

5. கலா

மறு வாரம் கலாவே போன் செய்தாள். இசைப் பள்ளியில் அந்த வேலைக்கு யாரும் அமையவில்லையாம். மறுபடி பதிவு கேட்டிருக்கிறார்கள்.

“என் டிராக்கு உங்ககிட்டதான சார் இருக்கு? பென் டிரைவ்ல போட்டு வெச்சீங்கன்னா வந்து வாங்கிக்கறேன். திருச்சில மிக்ஸ் பண்றவர் ஒருத்தர் இருக்காராம்.”

கொடுத்து அனுப்பியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எனக்கும் அசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் வந்ததும் அந்தக் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன்.

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அன்னைக்கே சொன்னேன்ல சார்” என்றாள்.

“சொன்ன.”

“திட்டுனீங்க.”

“ஆமாம்மா. தப்புதான்.”

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திருச்சில ரெண்டு வாரம் ஆகும்ங்கறாங்க. இவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டிருக்காங்க” என்றாள்.

“அப்ப நீயே உக்காரு. நான் கைய மட்டும் போடறேன். காது உன்னோடது.”

பெரியதை எடுத்துக் கொடுத்தேன். அவள் தலையில் அது நிற்கவில்லை. மரக்கால் விரித்த விரிப்பில் கன்னம் வரை சரிந்தது. என் வேட்டி உறை அவள் பின்னலில் வழுக்கியது. மூன்று வாரம் என் தலைக்காகச் செய்ததையெல்லாம் அரை மணி நேரத்தில் அவிழ்த்தேன். உறையைப் பிரித்தேன், வெட்டாத பேடை மாட்டினேன், இடது கிண்ணத்தில் ஃபோமைத் திரும்ப வைத்தேன், இரும்புப் பட்டையைக் கையால் அழுத்தி வளைத்தேன். இப்போது பொருந்தி நின்றது.

“கொறைங்க” என்றாள். இடது டிராக்கில் நான் ஏற்றியதை இறக்கினேன். “இன்னும். இன்னும் கொஞ்சம். சார், நிறுத்துங்க, இதான் என் நாயனம்.”

நான் வாங்கிக் கேட்டேன். முன்பு இருந்ததைவிட இடது பக்கம் மந்தமாக, ஒரு கதவுக்குப் பின்னால் வாசிப்பது போல இருந்தது. கை பொத்தானுக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டேன்.

“சரியா இருக்குங்களா சார்?”

“நீ சொன்னா சரி” என்று சொல்லி, அனுப்புகிற பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன்.

எந்த ஹெட்போன் என்று கேட்கிறவர்களுக்கு: பெரியது நல்லது, ஆம்ப் இருந்தால். கறுப்பு போதும், இறுக்கத்தைத் தளர்த்தத் தெரிந்தால். எதை வாங்கினாலும் முதல் நாளே நேராக ஒரு தரம், திருப்பி ஒரு தரம் மாட்டிக் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டரிடம் போய் அந்தக் கோட்டை வாங்கிப் பாருங்கள். வாசித்தவர் கத்துகிறது என்று சொன்னால், உங்கள் அனுபவத்தை அவரிடம் சொல்லாதீர்கள்.

பதினைந்து நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கலாதான். படபடவென்று ஏதோ சொன்னாள். நேரில் வாசிக்க வரச் சொல்லிவிட்டார்கள் என்பது போலக் கேட்டது. போனை இடது காதிலிருந்து எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லும்மா” என்றேன்.