பதினோரு வீட்டுச் சுவரில் நீலக் கோடு

1. பெயின்ட் டப்பா

பெயின்ட் காய்வதற்குள் ஊர் திரண்டுவிட்டது.

அப்போது ஒரு சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனத்தில் ஃபீல்டு ஆர்கனைசராக இருந்தேன். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவதுதான் வேலை. தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டை, வீடு கட்டும் மனையை நிரப்பி மேடாக்க ஊர்க்காரர்களே டிராக்டரில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மேடு போய்விட்டால் அடுத்த புயலில் முதல் வரிசை வீடுகள் தங்காது.

ஸ்லைடு போட்டுப் பேசினேன். கொட்டாவி விட்டார்கள். எங்கள் புராஜெக்ட் மேனேஜர், "சொன்னா நம்ப மாட்டாங்க சார். தண்ணி எவ்வளவு உயரம் ஏறும்னு சுவத்துல கோடு போட்டுக் காட்டுங்க" என்றார். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. முதல் வரிசையில் பதினோரு வீடுகளுக்கு இடுப்பளவில் நீலக் கோடு இழுத்தேன். போட்டோ ரிப்போர்ட்டுக்கு வசதியாக இருக்குமே என்று வீட்டுக்கு வீடு நம்பரும் போட்டேன். அந்த நம்பருக்காக இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

2. கத்தி

மூன்றாம் நம்பர் வீடு சவேரியம்மாளுடையது. கருவாட்டு வியாபாரம். மீன் கீறும் கத்தியால் கோட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்:

"யாரு அனுப்புனா உங்கள? நம்பர் போட்டா அடுத்தாப்ல ஜேசிபிதான வரும்? எங்கக்கா வீட்ட அப்படித்தான ரோட்டுக்கு எடுத்தாவ."

"இது கடல் ஏறினா வர்ற அளவும்மா..."

"கடல் ஏறும்னு எங்கள ஊர விட்டுக் கெளப்பிட்டு, இங்கன யாரு வருவா? கம்பெனியா, ரிசார்ட்டா? அத மொதல்ல சொல்லுங்க."

ஊர்த் தலைவர் என் போனை வாங்கி, வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவரே மணலை வெளியே விற்கிறாரோ, அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டமோ என்று தோன்றியது. சந்தேகப்படுவதில் நான் அவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவனில்லை.

3. நாலு வரி

மறுநாள் சுண்ணாம்பு வாளியோடு போய் நானே கோடுகளை அழித்தேன். ஏழாவது சுவரை முடிக்கும்போது சவேரியம்மாள் வந்து நின்றார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? நான் வாக்கப்பட்டு வரும்போது மேட்டுக்கு அங்கிட்டு வல காயப்போட எடம் கெடந்துச்சு. இப்ப அங்கன கடலு கெடக்கு. அத வாயத் தொறந்து சொன்னா, 'அப்ப காலி பண்ணு'ன்னு சொல்லிருவாவ. அதுக்குத்தான் பேசாமக் கெடக்கோம்."

ஒரு தாளை நீட்டினார். இந்த ஊரில் எடுக்கும் படம், பெயர், அளவு எதையும் ஊரைக் கேட்காமல் எந்த ஆபீசுக்கும் கொடுக்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுப்பதுபோல நாலு வரி.

"கையெழுத்துப் போடுங்க. பெறகு மணலப் பத்திப் பேசுவோம்."

மேனேஜருக்குப் போன் போட்டேன். "போடாதீங்க சார். நாளைக்கு எதுக்கு யூஸ் பண்ணுவாங்களோ" என்றார். தாளை மூன்று தடவை படித்தேன். கீழே காலி இடம் இருந்தது. பிறகு ஏதாவது எழுதிச் சேர்த்துவிட்டால்? அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு அடித்தேன்.

சவேரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெறும் தாளுக்கே உங்களுக்கு இம்புட்டு பயம் வருதே சார். நீங்க எங்க வீட்டுச் சுவத்துலல்லா எழுதுனிய."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில், வலை காயப்போட்ட இடம் கடலாகிப்போனதையும் மேட்டு மணலை இனி அள்ளக்கூடாது என்பதையும் பேசியது சவேரியம்மாள்தான். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், மணல் அள்ள டிராக்டர் போகும் பாதையின் குறுக்கே ஒரு பழைய வள்ளத்தை இழுத்துப் போட்டார்கள். தள்ளியவர்களில் தலைவரும் ஒருவர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜனங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தெரிந்ததை வெளியே சொன்னால் அவர்களுக்கு என்ன பறிபோகும் என்று கேளுங்கள். உங்களால் அது பறிபோகாது என்று முதலில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.