காருக்குள்ளே தண்ணீர் வருதா?

எனக்குக் கதை கட்டத் தெரியாது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ராத்திரிகூட இல்லை. மாலை ஐந்தரை மணி.

என் கார் 2009 மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு மாதம். மழை பெய்தால் முன்சீட்டுக்குக் கீழே மேட் ஊறிவிடும். பூஞ்சை நாற்றம். என் மனைவி ரமாவுக்கு வீசிங். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போக வேண்டும். போகும் வழியிலேயே மூச்சு வாங்கும். "முதல்ல வண்டியைக் காய வைங்க சார்" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

மெக்கானிக் ஜோஷ்வா வழி சொன்னார். "சார், ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும். ஒருத்தர் வெளிய ஓஸ்ல தண்ணி அடிக்கணும். ஒவ்வொரு எடமா அடிங்க. எங்க ஒழுவுதுன்னு தெரிஞ்சிரும்."

ரமா உள்ளே உட்கார்ந்தாள். "தீபாவளிக்குக்கூட எனக்கு இப்படிக் குளியல் இல்ல. காருக்கு நடக்குது!" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.

கதவு ஓரம் அடித்தேன்.

"வருதா?"

"வரல."

கூரை மேல் அடித்தேன்.

"வருதா?"

"வரல."

5.42. ஓஸில் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டுக்குப் பின்பக்கம் போய், ஓஸ் மடங்கியிருந்த இடத்தை நிமிர்த்திவிட்டு வந்தேன். கார் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

வைப்பருக்குக் கீழே அடித்தேன்.

"வருதா?"

கொஞ்சம் கழித்து...

"வருது."

"எங்க?"

"இடது பக்கம். கால்கிட்ட."

அப்பாடா என்று இருந்தது. தண்ணீரை நிறுத்தினேன்.

"பாதம் நனையுது."

"மூடிட்டேன் ரமா. இறங்கு."

"முட்டி வரைக்கும் வந்துடுச்சு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. அழுகையும் இல்லை. கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற மாதிரி இருந்தது.

கதவை இழுத்தேன். வரவில்லை.

5.51.

"இடுப்பு வரைக்கும்."

உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம். சளக்... சளக்...

இழுத்தேன்.

வரவில்லை.

"ரமா!"

"எதுக்குக் கத்தறீங்க?"

சத்தம் பின்னாலிருந்து வந்தது. வாசல்படியில் ரமா. கையில் இன்ஹேலர்.

"நீங்க பின்பக்கம் போனப்பவே இறங்கிட்டேன். மூச்சு முட்டுச்சு."

மறுபடி கதவைத் தொட்டேன். சாதாரணமாகத் திறந்தது. சீட் காய்ந்திருந்தது. கீழே, இடது பக்கம், மேட்டில் ஒரு கையளவு ஈரம்.

மறுநாள் ஜோஷ்வா வைப்பருக்குக் கீழே பிரித்தார். தண்ணீர் வடிகிற ஓட்டையில் இலை அடைத்திருந்தது. எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு காருக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ரமாவுக்கும் பரவாயில்லை. நான்தான் ஒரு மாதம் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பயம்கூட வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

அப்புறம் காரை எனக்கு விற்றவருக்கு போன் செய்தேன். பெயர் ஸ்ரீரங்கன், பொழிச்சலூர். நடந்ததைச் சொன்னேன். யார் குரல் என்று அவர் கேட்கவில்லை.

"எது வரைக்கும் சொன்னா சார்?"

"இடுப்பு வரைக்கும்."



"2015 வெள்ளம் சார். என் ஒய்ஃப் உள்ள மாட்டிக்கிட்டா. நான் வெளிய நின்னு கதவை இழுத்துட்டே இருந்தேன். அவ உள்ளேருந்து சொல்லிட்டே இருந்தா."

வாசலில் நின்ற காரைப் பார்த்தேன்.

"என்கிட்ட கழுத்து வரைக்கும் சொன்னா."