வாயில் வராத பெயர்

கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்துவிட்டது. எனக்கு மட்டும் பயமில்லையா என்ன? தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. அதற்கு முந்தின வருஷம் மழை பொய்த்து, எங்கள் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போதுதான் அப்பன், தான் கூலிக்குப் போன தோட்டத்துத் தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் மொண்டார். பின்னாலிருந்து மம்முட்டிக் காம்பால் அடி விழுந்தது. வலது கை முறிந்தது. அப்புறம் அது சரியாகக் கூடவே இல்லை.

அடித்தவர் தோட்டத்து முதலாளி. எங்கள் சனம் அவரைப் பண்ணாடி என்றுதான் சொல்லும். அவர் முகத்தை அப்பன் பார்க்கவில்லை, விழுந்ததும் மயக்கம். பார்த்த மற்றவர்களெல்லாம் கேஸ் கோர்ட்டுக்கு வருவதற்குள் "நாங்க அந்தப் பக்கமே போகலீங்க" என்று ஜகா வாங்கிவிட்டார்கள். பார்த்தவர்களில் மிஞ்சியது அம்மா ஒருத்தி. அவள் கூண்டில் ஏறிப் பெயரைச் சொல்லி ஆளைக் காட்டினால் கேஸ் நிற்கும். இல்லாவிட்டால் அப்பன் தானாக வழுக்கி விழுந்தார் என்று முடித்துவிடுவார்கள்.

கேட்பதற்குச் சுளுவாகத்தான் இருக்கும். ஆனால் பண்ணாடியின் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் வராது. அம்மாவின் தம்பிக்கும் அதே பெயர்தான். குலசாமி பெயர் என்று ஆசையாக வைத்தார்களாம். வைத்தவர்கள் உட்பட ஒருத்தருக்கும் அதைக் கூப்பிடத் தைரியமில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவோடு சரி, மற்றபடி மாமன் எல்லோருக்கும் 'நெட்டையன்'தான்.

ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "இப்பச் சொல்லும்மா." "சொல்றேன் கண்ணு" என்பாள். உதடு அசையும், சத்தம் வராது. பத்தாவது படித்த திமிரில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அவரென்ன மேலிருந்து குதிச்சவரா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். "மெதுவாப் பேசு புள்ள. ரோட்டுல ஆள் போகுது."

கோர்ட்டுக்குள் பண்ணாடி வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். அவருடைய ஆட்கள் பின்னால் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அப்பனும் நானும் சுவரோரம் ஒண்டிக்கொண்டோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டேறி, குனிந்து கும்பிட்டபடியே நின்றாள்.

"அடிச்சது யாரும்மா?" என்றார் அரசு வக்கீல்.

"பண்ணாடிங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அந்த ஊர்ல தோட்டம் வச்சிருக்கறவங்க எல்லாரும் பண்ணாடிதான். பேரைச் சொல்லச் சொல்லுங்க ஐயா."

"பேரென்னம்மா?" என்றார் நீதிபதி. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். பண்ணாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட அசைக்கவில்லை, வெறும் பார்வைதான். சொல்லவில்லை என்றால் அப்பனின் கை வீண். சொல்லிவிட்டாலோ, சாயங்காலம் அதே ஊருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். வீட்டில் அவ்வளவு கத்தினேனே, அந்த நேரம் எனக்கே அவள் சொல்லாமல் இறங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"தண்ணி வேணுங்க சாமி" என்றாள் அம்மா.

கோர்ட்டுச் சேவகர் சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா பழக்கதோசத்தில் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். எங்கள் ஊரில் எங்களுக்கு ஊற்றுவார்கள், பாத்திரத்தைக் கொடுக்க மாட்டார்கள். சேவகருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னம்மா கையை நீட்டற? டம்ளரைப் புடிச்சுக் குடி. கீழெல்லாம் ஊத்துனா யார் தொடைக்கறது?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை வாங்கி வாய் வைத்து, மெதுவாக முழுசையும் குடித்தாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து, விரலை நீட்டி அந்தப் பெயரைச் சொன்னாள். பின்னால் 'ங்க' போடவில்லை. பின்பெஞ்சில் யாரோ பல்லைக் கடித்தது என் காதில் விழுந்தது.

பண்ணாடிக்குத் தண்டனை என்று தீர்ப்பு வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் அம்மா, "சொல்லிப்போட்டேனே கண்ணு, இனி ஊட்டுக்கு எப்பிடிப் போறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பன் நல்ல கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். பின்னால் ஒரு ஜீப் வந்தாலே நான் திரும்பிப் பார்த்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் இறங்கினோம். மாமன் பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். அவருக்கும் முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னக்கா ஆச்சு? சொன்னயா?"

அம்மா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில், நெட்டையன் என்று சொல்லாமல் அவருக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "வாடா, ஊட்டுக்குப் போலாம்."

முப்பது வயது ஆள். மாமன் திடுக்கிட்டுப் போய், யார் காதிலாவது விழுந்ததா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.