நாலாம் நம்பரும் ஒன்றாம் நம்பரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கும் ஒரு கிடங்கின் மாடியில் இருந்த ரயில் முன்பதிவு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. மதராஸ் ரயிலில் எங்களுக்கென்று ஆறே இருக்கைகள். கோயம்புத்தூரில் ஏறுபவர்களுக்கும் எங்கள் ஊர் வியாபாரிகளே இடம் பிடிப்பார்கள். நோட்டில் இருக்கைக்கு ஒரு வரி. யார் எங்கிருந்து எதுவரை போகிறாரோ அதுவரை மையால் கோடு. அடுத்து யார் வருவார் என்று தெரியாது, வந்தவருக்கு அப்போதே எண் தந்தாக வேண்டும், தந்தால் தந்ததுதான்.

கணக்குப் புத்தகங்களைப் பொழுதுபோக்காகப் படிக்கும் வியாதி எனக்கு உண்டு. ஆகவே நானே ஒரு நியாயம் வகுத்திருந்தேன்: வருகிற ஒவ்வொருவருக்கும் யாரும் தொடாத புது வரி. என்ன சமத்துவம் என்று என்னையே மெச்சிக்கொள்வேன்.

ஒரு நாள் மாலை, கடைவீதித் தையல்காரர் ஒருவர் வந்தார். தமிழ் பேசும் முஸ்லிம். என் வயதுதான் இருக்கும்.

"சாரே, தங்கச்சிக்கு மதராஸ்ல கண் ஆபரேஷன். டாக்டர் நாளைக் கழிச்சு வரச் சொல்லியிருக்காரு, விட்டா பார்வை போயிரும்னுட்டாரு. அவளுக்கு ஒரு சீட்டு போதும், நான் நின்னுட்டே வந்துருவேன்."

நோட்டைப் பார்த்தேன். ஆறு வரியிலும் கோடு. "இடமில்லை" என்றேன், வருத்தத்தோடும் கொஞ்சம் அதிகாரத்தோடும்.

அவர் போகவில்லை. கம்பி வழியாக நோட்டையே பார்த்தார்.

"இத்தன வெள்ளை கிடக்குதே சாரே?"

விளக்கினேன். ஒன்றாம் நம்பரில் ஒருவர் திருச்சூர் வரைக்கும்தான், பிறகு காலி. நாலாம் நம்பரில் ஒருவர் கோயம்புத்தூரில்தான் ஏறுகிறார், அதுவரை காலி. முழுசாக ஒன்றும் இல்லை. சொல்லும்போதே என் குரல் இறங்கியது. இருவரையும் ஒரே வரியில் போட்டிருந்தால் ஓர் இருக்கை மதராஸ் வரை மிஞ்சியிருக்கும்.

அவர் சிரித்துவிட்டார். "கைக்குட்டை வெட்ட முழுத் துணிய எடுத்துட்டீங்களே! நாங்க முதல்ல துண்டுலதான் பாப்போம். சரி, ஒட்டுப் போடுங்க சாரே."

போட்டேன். கோயம்புத்தூர் வரை நாலாம் நம்பர், அங்கிருந்து ஒன்றாம் நம்பர். கண் சரியாகத் தெரியாத பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பி இடம் மாற்ற வேண்டும் என்று நினைத்தபோதுதான் என் சமத்துவம் எனக்குக் கசந்தது. மறுநாளே நோட்டின் நியாயத்தை மாற்றினேன்: சின்னப் பயணத்துக்குத் துண்டு வரி, புது வரி கடைசியில்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி மாடியேறி வந்தார். கூடவே தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். கம்பிக்கு அருகே வந்து என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"கோயம்புத்தூர்ல என்னை எழுப்பிவிட்ட ஆளு இவருதானா, காக்கா?" என்று அண்ணனிடம் கேட்டாள். "பரவாயில்ல, பாத்தா பாவமாத்தான் இருக்காரு."

என்னைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழ் பிறகு யாரும் தரவில்லை. அந்த நோட்டும் மாடியும் போய்விட்டன. ஆனால் இன்றும் யாராவது பத்து நிமிஷம் கேட்டால் என் நாளின் துண்டுகளில்தான் தேடுகிறேன், தூரம் போக வேண்டிய யாரோ ஒருவர் இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கலாம் என்பதால்.