முதுகில் ஒரு கண்மாய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஒரு போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள்.

பத்திரிகையில் இருந்தவனுக்கு இந்தத் தொல்லை உண்டு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட மாட்டார்கள். "நீங்க நில்லுங்க சார், ஒரு போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்ருங்க" என்பார்கள். நான் ரிட்டயர்ட் ஆகிவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வாராவாரம் பத்தி எழுதுகிறேனே... அது பேப்பர் இல்லையா?

கூப்பிட்டவர் சுந்தரம், எங்கள் காலனி நலச் சங்கச் செயலாளர். ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் காலனி; காலனியை ஒட்டி ஒரு கண்மாய். கண்மாயின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டால்தான் எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் கண்மாய் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்தால் தப்பும் இல்லை.

கண்மாய் என்றால் எங்களுக்கு உயிர். ஆதாரம் வேண்டுமா? கோடையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 'கண்மாயையும் அதிலுள்ள மரங்களையும் பாதுகாக்க வேண்டுமா?' அத்தனை பேரும் 'ஆம்'. வெளியூர் போயிருந்தவர்கள்கூட அங்கிருந்தே 'ஆம்'. 'இல்லை' என்ற கட்டம், பாவம், தொட ஆளில்லாமல் கிடந்தது.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் 'மக்கள் கருத்து' பகுதிக்காகக் காளவாசல் சிக்னலில் நின்று கேட்டிருக்கிறேன். காட்டைக் காக்க வேண்டுமா? நீர்நிலைகளை? வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நான் சந்தித்ததே இல்லை. மரம் ஏற்றிவந்த லாரி டிரைவர்கூட ஜன்னல் வழியே தலையை நீட்டி, "காடுதாண்ணே உசுரு!" என்றார். பச்சை விழுந்ததும் காட்டோடு கிளம்பிப் போனார்.

வாக்கெடுப்பு முடிந்த கையோடு டி-ஷர்ட் வந்தது. காலனிக்காரரான ரஹீம் பாய்க்குக் கோரிப்பாளையத்தில் பிரிண்டிங் கடை. அடக்க விலைக்கே அடித்துக் கொடுத்தார். பச்சை நிறம். நெஞ்சில் சின்னதாக ஒரு கொக்கு. முதுகு முழுக்க, தெருமுனையிலிருந்தே படிக்கும்படி: 'கண்மாயைக் காப்போம்! சொட்டுத் தண்ணீரையும் சேமிப்போம்!'

பிறகு மழை வந்தது.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிரம்பித் தளும்பியது. குடும்பத்தோடு போனோம், பூத்தூவினோம், செல்ஃபி எடுத்தோம். டி-ஷர்ட்டில் இருந்த கொக்கு நேரிலேயே வந்தது. கொக்கு எச்சத்தால் கார் பெயின்ட் போகிறது என்ற முதல் புகாரும் வந்தது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், நடைபாதை.

போன வருடம் எங்கள் பக்கத்தில் கலர் கல் பதித்து ஒரு நடைபாதை போட்டார்கள். அப்போது கண்மாய் காய்ந்து கிடந்தது. அதனால் பாதை கண்மாய்க்குள்ளேதான் போகிறது என்பது யார் கண்ணுக்கும் படவில்லை. இப்போது அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் வாக்கிங் நின்றுபோனது. ஒரு தண்ணீர்ப் பாம்பு மட்டும் காலையும் மாலையும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது வாக்கெடுப்பு. 'நடைபாதை தெரியும் அளவுக்குத் தண்ணீரை வெளியேற்றலாமா?' மறுபடியும் எல்லோரும் 'ஆம்'. அதே ஆட்கள். அதே கட்டைவிரல்.

வழியும் சுலபம். அந்தப் பக்கக் கரையில் கலுங்கு இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டு அது. கீழ்ப்பக்கத்து விவசாயிகள் அதன்மேல் மணல் மூட்டை அடுக்கி, கூடுதலாக ஓர் அடி தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். மூட்டையை எடுத்தால் அந்த ஓர் அடி ஓடிவிடும். பாதை வெளியே வந்துவிடும்.

ஆகவே ஞாயிறு காலை கிளம்பினோம். சுந்தரம் அதற்கு 'கலுங்கு தூய்மைப் பணி' என்று பெயர் வைத்திருந்தார். எல்லோரும் பச்சை டி-ஷர்ட். நானும்தான். அன்று காய்ந்திருந்தது அது ஒன்றுதான்.

கலுங்கில் மணல் மூட்டை மேல் ஒரு பெண் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள். கண்மாய்க்குக் கீழே அவருக்கு ஒரு ஏக்கர் வயல்.

"வாங்க சார். மொத்தமா வாரீக... என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லம்மா," என்றார் சுந்தரம். "இந்த மூட்டையைக் கொஞ்சம் எடுக்கணும். நடைபாதை முங்கிப் போச்சு."

"எடுத்தா என் நெல்லு போச்சு." டீ கிளாஸோடு கையை நீட்டிக் காட்டினார். கீழே ஒரே பச்சை. "பொதியா நிக்குது, இன்னும் கதிர் வெளிய வரல. ஒரு மாசத்துக்காவது தண்ணி வேணும். போன வருசம் பூராம் தரிசு. நகையை வச்சு இந்தத் தடவைதான் நட்டுருக்கேன்."

"எனக்குச் சுகரும்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"ரோட்டுல நடங்க."

"நாய் தொரத்துது."

"அப்ப ஓடுங்க. இன்னும் சீக்கிரமாக் கொறையும்."

ரஹீம் பாய் சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். சுந்தரத்துக்குக் கோபம் வந்தது.

"இது பொதுச் சொத்தும்மா. உங்க இஷ்டத்துக்கு மூட்டை அடுக்க முடியாது."

"பொதுச் சொத்துதான் சார், யாரு இல்லைன்னா? ஒங்க நடைபாதை மட்டும் ஆகாசத்துலயா போட்டிருக்கு? எங்க ஆளுகளும் யோக்கியம்னு சொல்லல. எங்க மச்சான் கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக் கால்வாய் ஓரமாப் பருத்தி போடுறாரு. வருசா வருசம் கொஞ்சம் உள்ள தள்ளித்தான் உழுவாரு. அவரையும் கேட்டுப் பாருங்க, கண்மாய்னா உசுரும்பாரு."

சுந்தரம் குனிந்து ஓரத்து மூட்டையைத் தூக்கினார். "சார், எடுங்க போட்டோ!"

போனை எடுத்தேன்.

"அண்ணே, ஒரு நிமிசம்!" பாண்டியம்மாள் எழுந்துவிட்டார். "முன்னாடி எதுக்கு எடுக்கிறீக? அங்கிட்டுப் போயி முதுகுப் பக்கம் எடுங்க. அங்கதான எழுத்து நல்லாத் தெரியுது." சுற்றிவந்து, சத்தமாக வாசித்தார்: "சொட்டுத்... தண்ணீரையும்... சேமிப்போம். நல்லா இருக்கு சார். மூட்டையோட சேத்து வரட்டும்."

பத்திரிகைக் கண் சும்மா இருக்குமா? கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. திரையில் முதுகு, அந்த எழுத்து, இடுப்பில் மணல் மூட்டை, அதற்கு அப்பால் நெல். தலைப்பே தேவையில்லாத படம்.

சுந்தரம் மூட்டையோடு அப்படியே நின்றார். கீழே வைத்தால் தோல்வி. தூக்கிப் போட்டால் செய்தி.

"ஏன் பாய், இதை எதுக்கு இம்புட்டுப் பெருசா அடிச்சீங்க?"

"நீங்கதான சார் தூரத்துல இருந்தே தெரியணும்னீங்க!"

நான் சிரித்திருக்கக் கூடாது.

"நீங்க என்னண்ணே சிரிக்கிறீக? திரும்புங்க பாப்போம், ஒங்க முதுகுல என்ன எழுதியிருக்குன்னு."

நான் திரும்பவில்லை.

கருத்தை முதுகில் அச்சடிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரியும், போட்டிருப்பவர் கண்ணில் படாது. காட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நாம் வைத்திருக்கும் கருத்துகளும் அப்படித்தான். பொய்யில்லை, மனதாரச் சொல்கிறோம். மரம் ஏற்றிய டிரைவரும் மனதாரத்தான் சொன்னார். அவரிடம், 'சரி, லாரியில் இருப்பது என்ன?' என்று யாரும் கேட்பதில்லை... பச்சை விழுந்துவிடுகிறதே!

மூட்டை இருந்த இடத்துக்கே திரும்பியது. ரஹீம் பாய் அதைக் காலால் தட்டிச் சரியாக அமர்த்தினார். பாண்டியம்மாள் குரல் இறங்கியது.

"அறுப்பு முடியட்டும் சார், நானே எடுத்துப் போட்டுர்றேன். புது நெல்லு அரிசி ஒரு படி வீட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

"அரிசி வேணாம்மா," என்றார் சுந்தரம். "சுகரு."

அன்று மாலை மூன்றாவது வாக்கெடுப்பு. 'அறுவடை வரை மணல் மூட்டைகள் இருக்கட்டுமா?' முடிவை நான் சொல்ல வேண்டுமா என்ன?

போட்டோ எடுத்தேனா என்று கேட்பீர்கள். எடுத்தேன். வெளியிட மாட்டேன் — மூட்டை கலுங்கில் இருக்கும்வரை.

மறுநாள் காலை தெருவில் சுந்தரம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு நாய். அதே பச்சை டி-ஷர்ட். ஆனால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தார்.

எழுத்தெல்லாம் இப்போது அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.